சாவி கைமாறும் வரை நேர்த்தி: காரைக்குடியில் ஓர் உள்வாடகைச் சேவை

வாடகைக்கு எடுத்திருக்கும் அடுக்குமாடி வீட்டைச் சில மாதங்களுக்கு மட்டும் இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக, வீட்டு உரிமையாளரின் சம்மதத்தைப் பெறுவது, தகுந்த ஆளைத் தேடுவது, ஒப்பந்தம் எழுதுவது, பொருள்களைக் கணக்கெடுத்துச் சாவியை ஒப்படைப்பது ஆகிய வேலைகளைக் கட்டணத்துக்குச் செய்து தரும் சிறிய அலுவலகம் ஒன்று, காரைக்குடியில் கல்லூரிச் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் இயங்கி வருகிறது. பணி நிமித்தம் சில மாதங்கள் கோயம்புத்தூரில் தங்க நேர்ந்தபோது அவர்களுடைய சேவையை நான் பயன்படுத்தினேன். கணவனும் மனைவியுமாக இருவர் மட்டுமே நடத்தும் அலுவலகம் அது என்பதாலும், நிறைகளோடு குறைகளையும் எழுத வேண்டியிருப்பதாலும், பெயரை இங்கே குறிப்பிடவில்லை. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாவி கைமாறும் வரை அவர்கள் செய்த வேலையில் குறை காண்பது கடினம். கைமாறிய பிறகு அவர்களுடைய கவனம் தளர்ந்துவிட்டது.

செட்டிநாடு என்றதும் முகப்பும், வளவு எனப்படும் நடுமுற்றமும், பட்டாலை எனப்படும் கூடமுமாக ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகளே நினைவுக்கு வருமாதலால், இங்கே அடுக்குமாடி வீட்டுக்கு உள்வாடகைச் சேவை எதற்கு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். 2024ஆம் ஆண்டு மாநகராட்சியாகிவிட்ட காரைக்குடிக்கு, அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் பொறியியல் கல்லூரிக்கும், ஊரார் சிக்ரி என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கும், வங்கிக் கிளைகளுக்கும் வந்து சேர்பவர்களில் பலர் தங்குவது இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடுகளில்தான். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதத்துக்கு மட்டும் வீடு தேவைப்படுகிறது. உரிமையாளர்களோ பதினொரு மாதத்துக்குக் குறைவாக விட மனமில்லாதவர்கள். மறுபக்கத்தில், தற்காலிகமாக வெளியூர் போகிறவர் வீட்டைக் காலி செய்துவிட்டால் திரும்பி வரும்போது அதே வாடகைக்கு அதே பகுதியில் வீடு கிடைக்காது என்று அஞ்சுகிறார். பூட்டி வைத்தால் வாடகை வீணாகிறது. இந்த இரு தரப்பாரும் பெரும்பாலும் செய்துகொள்ளும் ஏற்பாடு என்னவென்றால், சாவியைக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டார் கேட்டால் சொந்தக்காரப் பையன் வந்து தங்கியிருக்கிறான் என்று சொல்லிவிடுவதே. அந்தச் சொந்தக்காரப் பையன் கதை பெரும்பாலும் குடியிருப்பின் காவலாளியிடமே முதலில் உடைந்துபோகும் என்பது வேறு விஷயம்.

நான் சென்ற அலுவலகத்தில் முதலில் கேட்கப்பட்டது என்னுடைய வாடகை ஒப்பந்தத்தின் நகல். தமிழ்நாட்டில் எழுதப்படும் ஏறக்குறைய எல்லா வாடகை ஒப்பந்தங்களிலும் உள்ளதுபோல, வீட்டை உள்வாடகைக்கோ மேல்வாடகைக்கோ விடக் கூடாது என்ற வரி அதிலும் இருந்தது. அலுவலகத்தை நடத்தும் அம்மையார் அந்த வரியை எனக்குக் காட்டி, வீட்டு உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வந்து சேரும் வரை ஆள் தேடும் வேலையைத் தொடங்குவதில்லை என்பது தங்கள் வழக்கம் என்றார். அவசரத்தில் இருந்த எனக்கு அது எரிச்சலாக இருந்தபோதிலும், காரணத்தை அவர் விளக்கிய விதம் நன்றாக இருந்தது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2017ஆம் ஆண்டின் சட்டம், அதாவது நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம், உரிமையாளரின் எழுத்து மூலமான முன்சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விடக் கூடாது என்கிறது. சம்மதமின்றி வீட்டைப் பிறர் வசம் விடுவது, வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்வதற்கு உரிமையாளருக்குக் கிடைக்கும் காரணங்களில் ஒன்றாகவும் அச்சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. அப்படியானால் வாடகையை ஒரு மாதமும் தவறாமல் கட்டியவர்கூட, நல்லவர் ஒருவரை நல்லெண்ணத்தோடு குடியமர்த்திய ஒரே காரணத்துக்காக வீட்டை இழக்க நேரிடலாம்.

எங்கள் ஊரில் இந்தச் சம்மதம் பெறுவது எளிதான காரியமன்று. நான் குடியிருக்கும் வீடு கோலாலம்பூரில் மகனோடு வசிக்கும் ஓர் ஆச்சிக்கும், சென்னையில் இருக்கும் அவருடைய தம்பிக்கும் பொதுவானது. ஆச்சியிடம் தொலைபேசியில் விவரம் சொன்னபோது, "யாரு இருந்தா என்ன தம்பி, சாமான் அறைய மட்டும் தொறக்கப்படாது" என்று ஒரே வாக்கியத்தில் அனுமதி கொடுத்துவிட்டார். அந்தக் குரல் பதிவே போதும் என்று நான் நினைத்தேன். அலுவலகம் ஏற்கவில்லை. ஆச்சி, அவருடைய தம்பி ஆகிய இருவரும் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார்கள். அதற்கான வாசகத்தைத் தாங்களே எழுதி இருவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, கையெழுத்திட்ட படியை வாங்கி, சென்னையிலிருந்து மூலக் கடிதம் அஞ்சலில் வந்த பிறகே என் கோப்பைத் திறந்தார்கள். கடிதம் ஒரு பக்கம்தான். உள்வாடகைக்கு வருபவர் யார், எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, குடியிருப்பதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது, என்னுடைய வாடகைக் காலம் முடிந்தால் அவருடைய காலமும் அதோடு முடியும் என்பது, வாடகைக்கும் சேதத்துக்கும் உரிமையாளரிடம் பதில் சொல்ல வேண்டியவன் நானே என்பது ஆகியவை அதில் தெளிவாக இருந்தன. வருபவரின் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு, ஆள் அமைந்ததும் அவருடைய விவரத்தை இருவருக்கும் தெரிவித்து ஒப்புதல் பெற்ற பின்பே நிரப்பினார்கள். இந்த ஒரு பணிக்காகவே அவர்களுக்குக் கொடுத்த கட்டணம் தகும் என்பேன்.

நான் அங்கே காத்திருந்த ஒரு நாளில் வேறொருவரை அவர்கள் திருப்பி அனுப்பியதையும் பார்த்தேன். பக்கத்து ஊர் ஒன்றில் பெரிய வீட்டின் இரண்டாங்கட்டை, அதாவது வளவுக்குப் பின்னால் உள்ள பகுதியை, பங்காளிகளில் ஒருவரிடமிருந்து வாடகைக்கு எடுத்திருந்த அவர், அதில் இரண்டு அறைகளை உள்வாடகைக்கு விட விரும்பினார். வாடகைக்குக் கொடுத்த பங்காளியின் கடிதத்தையும் கையோடு கொண்டு வந்திருந்தார். அத்தகைய வீடுகளில் வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு பங்காளிக் குடும்பத்துக்கும் தனித்தனியே இருக்கும். முகப்பும் வளவும் எல்லாருக்கும் பொது. திருமணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் எல்லாரும் வந்து கூடுகிற நாளில், ஒருவருடைய சம்மதத்தோடு மட்டும் குடிவந்த மூன்றாம் மனிதர் இரண்டாங்கட்டில் சமைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைச் செட்டிநாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாகப்பிரிவினைப் பத்திரமோ எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தோ இல்லாமல் செய்ய இயலாது என்று அம்மையார் பணிவாக மறுத்தார். கட்டணம் கிடைக்கும் வேலையை இப்படி மறுக்கும் தரகர் எவரையும் நான் இதற்கு முன் சந்தித்ததில்லை.

ஒத்திக்குக் குடியிருப்பவர்களையும் அவர்கள் ஏற்பதில்லை என்று தெரிகிறது. ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பவர், அந்த வீட்டை மாத வாடகைக்கு விட்டு வருமானம் பார்ப்பதில் பின்னாளில் தகராறு வர வாய்ப்பு மிகுதி என்பது அவர்கள் கருத்து. இது கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கை என்றே எனக்குப் படுகிறது. உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இருக்குமானால் ஒத்திக்காரரை ஒதுக்க வேண்டியதில்லை.

சம்மதம் வந்த பிறகு ஆள் தேடும் வேலை விரைவாகவே நடந்தது. ஆடி மாதத்தில் யாரும் வீடு மாற விரும்புவதில்லை என்பதால் ஆவணி பிறக்கும் வரை காத்திருக்க நேர்ந்தது மட்டுமே தாமதம். அதற்கு அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது. வந்தவர் சிக்ரியில் ஆய்வுப் பணிக்குச் சேர்ந்திருந்த ஓர் இளைஞர். அவருடைய தாயாரும் உடன் தங்குவதாக ஏற்பாடு. நிறுவனம் கொடுத்த சேர்க்கைக் கடிதத்தின் நகலும், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் அட்டையின் படியும், முந்தைய வீட்டு உரிமையாளரின் தொலைபேசி எண்ணும் கேட்டு வாங்கினார்கள். முழு ஆதார் எண் உள்ள நகலை அந்த இளைஞர் நீட்டியபோது அதை மறுத்து, எண் மறைத்த படியைத் தரவிறக்கிக் கொடுக்கச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நகலெடுக்கும் கடைகளிலும் தரகர்களின் மேசை இழுப்பறைகளிலும் நம் ஊரில் எத்தனை ஆதார் நகல்கள் கிடக்கின்றன என்பதை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். விண்ணப்பப் படிவத்தில் சாதி கேட்கும் கட்டம் இல்லை. உணவுப் பழக்கம் கேட்கும் கட்டம் இருக்கிறது. உரிமையாளர்கள் கேட்பதால் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதையும் எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

ஒப்பந்தத்தை அவர்கள் எழுதிய முறை, கடையில் விற்கும் அச்சிட்ட படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் வழக்கத்திலிருந்து பெரிதும் மாறுபட்டது. என்னுடைய மூல ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் அனைத்தும் வருபவரையும் கட்டுப்படுத்தும் என்று எழுதி, மூல ஒப்பந்தத்தின் நகலையே பின்னிணைப்பாகச் சேர்த்திருந்தார்கள். அவருடைய காலம் என்னுடைய காலத்துக்கு முன்பாகவே முடியும்படி தேதி அமைந்திருந்தது. நான் கொடுக்கும் வாடகைக்கு மேல் ஒரு ரூபாயும் அவரிடம் வாங்குவதில்லை என்பதை அலுவலகம் தன் விதியாகவே வைத்திருக்கிறது. கட்டில், அலமாரி போன்ற என் சொந்தப் பொருள்களின் பயன்பாட்டுக்காக ஒரு சிறு தொகை சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, சேர்த்தால் அதைத் தனி வரியாகக் காட்டி உரிமையாளரின் கடிதத்திலும் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் சேர்க்கவில்லை. இப்படி வாங்கும் உள்வாடகை, வீட்டுச் சொத்திலிருந்து வரும் வருமானம் என்ற தலைப்பில் வராது, வீடு நமக்குச் சொந்தமில்லாததால் பிற வருமானம் என்ற தலைப்பில் வருமான வரிக் கணக்கில் காட்டப்பட வேண்டும் என்பதையும் அவர்களே நினைவூட்டினார்கள்.

பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் கட்டாயம் பதிய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்கவே அந்தப் பதினொரு மாதக் கணக்கு வந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாடகை அதிகாரியிடம் செய்ய வேண்டிய பதிவு வேறு. அது காலத்தின் நீளத்தைப் பார்ப்பதில்லை. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர் வாடகை அதிகாரியாக அமர்த்தப்பட்டிருக்கிறார்; பதிவை இணையவழியிலேயே செய்து எண் பெறலாம். அலுவலகம் எனக்காக அதைச் செய்து கொடுத்தது மட்டுமன்றி, என்னுடைய மூல ஒப்பந்தமே பதிவாகாமல் இருப்பதைக் கண்டுபிடித்து, ஆச்சியின் தம்பியோடு பேசி அதை முதலில் பதிவு செய்த பிறகே உள்வாடகை ஒப்பந்தத்தைத் தொட்டது. அடித்தளம் இல்லாமல் மேல்மாடி எழுப்பக் கூடாது என்று அம்மையாரின் கணவர் இதைக் குறித்துச் சொன்னார். ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர் அவர் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

தினசரி வாடகையை அவர்கள் அடியோடு மறுப்பதையும் குறிப்பிட வேண்டும். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் திருமணத்துக்காக வெளிநாடுகளிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்கும்போது, இரண்டு நாள்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தால் நல்ல தொகை கொடுக்க ஆள் இருக்கிறார்கள். பிள்ளையார்பட்டிக்கும் கானாடுகாத்தானுக்கும் வரும் பயணிகளும் கேட்கிறார்கள். வெளிநாட்டவர் தங்கினால் அதைக் குறித்த நேரத்துக்குள் அரசுக்கு இணையவழி தெரிவிக்கும் கடமை, வீட்டு இணைப்பு மின்சாரத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் சிக்கல், படிக்கட்டில் இரவெல்லாம் பெட்டி இழுபடும் ஓசையால் வரும் குடியிருப்போர் சங்கத்தின் புகார் ஆகியவற்றைச் சொல்லி, அது தங்கள் வேலை இல்லை என்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்து, வாகனம் நிறுத்தும் இடத்தையும் பராமரிப்புத் தொகையை யார் கட்டுவது என்பதையும் எழுத்தில் வைத்ததும் இதன் தொடர்ச்சியே.

சேவையின் மிகச் சிறந்த பகுதி, பொருள் கணக்கெடுப்பு. மின்விசிறி எத்தனை, குழல்விளக்கு எத்தனை என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது எல்லாரும் செய்வதுதான். இவர்கள் ஒரு பிற்பகல் முழுவதும் வீட்டில் இருந்து, ஒவ்வொரு சுவரையும் தரையையும் கதவையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள கீறல்களையும் கறைகளையும் தனியாகக் குறித்தார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆச்சி ஆசைப்பட்டுப் போட்டிருக்கும் ஆத்தங்குடிக் கல் தரை இருக்கிறது. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டுக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கற்கள் அவை. சூளையில் சுட்டவை அல்ல. துடைக்கத் துடைக்க மெருகேறும் அந்தத் தரையில் கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தை ஒருமுறை தெளித்தால் பளபளப்பு போய்விடும். வெளியூரிலிருந்து வரும் ஒருவருக்கு இது தெரிய நியாயமில்லை. அந்தத் தரையை வெறும் தண்ணீரிலும், எப்போதாவது சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்ட துணியிலும் மட்டுமே துடைக்க வேண்டும், அமிலம் கலந்த எந்தத் திரவமும் ஆகாது, கனமான பொருளை இழுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் எழுதியதோடு, இளைஞரின் தாயாரிடம் வாய்மொழியாகவும் சொன்னார்கள். அந்த அம்மா தம் ஊரிலும் சிவப்புச் சிமெண்டுத் தரைக்கு எண்ணெய் போடும் பழக்கம் உண்டு என்று சொன்னதும் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்தது ஆச்சியின் சாமான் அறை. இவ்வூரில் வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளில் பெரும்பாலும் ஓர் அறை பூட்டியிருக்கும். திருமணத்தில் சீராக வந்த பித்தளைப் பாத்திரங்களும் எவர்சில்வர் அடுக்குகளும் உள்ளே இருக்கும். வாடகைக்கு விடும்போது அந்த அறையை யாரும் ஒப்பந்தத்தில் எழுதுவதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுவார்கள். அலுவலகம் அந்த அறையை வாடகைக்கு உட்படாத பகுதி என்று தனியாக எழுதி, பூட்டின் மேல் தாள் ஒட்டி, நானும் வருபவரும் கையெழுத்திட்டுப் படம் எடுத்து, அந்தப் படத்தை ஆச்சிக்கு அனுப்பியது. அன்று மாலையே ஆச்சி தொலைபேசியில் அழைத்து அவர்களைப் பாராட்டினார். பூட்டிய அறையில் எதுவும் காணாமல் போனால் பழி முதலில் வாடகைதாரர் மீதும், அதற்கடுத்து அவர் குடியமர்த்தியவர் மீதும்தான் விழும். அந்தத் தாள் எங்கள் மூவரையும் காப்பாற்றுகிறது.

முன்பணம் பற்றிய ஏற்பாட்டை நான் அரைமனத்தோடுதான் ஏற்றேன். வேறு விதமாக ஒப்புக்கொள்ளப்பட்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய கழிவுகள் போகத் திருப்பித் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆச்சியிடம் நான் கொடுத்திருப்பது அதைவிடக் கூடுதல்; காரைக்குடியில் அதுதான் நடப்பு. உள்வாடகைக்கு வருபவரிடம் இரண்டு மாத வாடகையை மட்டும் வாங்க அலுவலகம் பரிந்துரைத்தது சரியானதே. ஆனால் அந்தத் தொகை என் கையில் இருக்கிறது. அதைச் செலவழிக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் எழுதி வாங்கவில்லை. நான் அதைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. உள்வாடகைக்கு வருபவரின் நிலையே இந்தச் சங்கிலியில் மிகவும் பலவீனமானது: மூல வாடகைதாரர் வாடகையை வாங்கிக்கொண்டு உரிமையாளருக்குக் கட்டாமல் விட்டால், ஒழுங்காகக் கட்டியவர்தான் தெருவில் நிற்பார். இதற்கு ஒரு தீர்வாக, நான் ஆச்சிக்கு வாடகை அனுப்பியதற்கான வங்கிச் சான்றை மாதந்தோறும் அந்த இளைஞருக்கும் அனுப்பி வருகிறேன். அலுவலகம் இதையும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்திருக்க வேண்டும் என்று அவர்களிடமே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உண்மையான குறை மின்கட்டணத்தில் வெளிப்பட்டது. அத்தனை பொருள்களைப் படமெடுத்தவர்கள், சாவி ஒப்படைத்த நாளில் மின்அளவியில் ஓடியிருந்த எண்ணைக் குறிக்க மறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், இடையில் ஆள் மாறினால் யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்பதற்கு அந்த எண்ணைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. மேலும் அப்போதைய கட்டண முறையில் முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றிக் கீழே உள்ள யூனிட்டுகளின் ஒரு பகுதிக்கும் விலை உயர்ந்தது. 500லிருந்து 501ஆகும் அந்த ஒரு யூனிட்டால் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடியது. நான் இருந்த காலமும் அவர் வந்த காலமும் ஒரே கணக்கெடுப்பில் விழுந்து, மொத்தம் 500ஐத் தாண்டியபோது, அந்தக் கூடுதல் யாருடையது, இலவச 100 யூனிட் யாருக்குச் சேரும் என்ற கேள்விகளுக்கு ஒப்பந்தத்தில் விடை இல்லை. அலுவலகத்தைக் கேட்டபோது நாள் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆவணி வெயிலில் குளிரூட்டியை (ஏசி) இரவு முழுதும் ஓட்டியவரும், அதற்கு முன் வீட்டைப் பெரும்பாலும் பூட்டியே வைத்திருந்தவரும் நாள் கணக்கில் பிரித்துக்கொள்வது எப்படி நியாயமாகும் என்று தெரியவில்லை. தொகை சிறியது என்பதால் இளைஞரும் நானும் பேசி முடித்துக்கொண்டோம். ஆனாலும் உள்வாடகை ஏற்பாடுகளில் கசப்பு தொடங்குவது பெரும்பாலும் இத்தகைய சிறு தொகைகளில்தான் என்பதால், இதை அவர்கள் கட்டாயம் திருத்திக்கொள்ள வேண்டும்.

பழுதுபார்ப்பிலும் இதே தளர்ச்சி தெரிந்தது. குளியலறைக் குழாய் ஒழுகியபோது இளைஞர் அலுவலகத்தை அழைத்திருக்கிறார். அவர்கள் என்னை அழைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் இருந்த நான் காரைக்குடிக் குழாய்க்காரரைத் தேட வேண்டியதாயிற்று. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையே வேலைகளைப் பிரித்துத் தருகிறது: கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடித்தல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளருக்கு, குழாயின் வாஷரை மாற்றுவது, சாக்கடை அடைப்பு நீக்குவது, சுவிட்சு, கைப்பிடி, பூட்டு போன்றவை வாடகைதாரருக்கு. நடுவில் உள்வாடகைதாரர் ஒருவர் வரும்போது, இரண்டாம் வகையில் எவை அவருக்கு, எவை எனக்கு என்று இன்னொரு கோடு கிழிக்க வேண்டும். கிழிக்கவில்லை. குறைந்தபட்சம் நம்பகமான குழாய்க்காரர், மின்பணியாளர் ஆகியோரின் எண்களை இருவருக்கும் கொடுத்திருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும். மாதம் ஒருமுறை வந்து பார்ப்போம் என்று விளம்பரத் தாளில் இருக்கும் உறுதிமொழியும் என் வீட்டைப் பொறுத்தவரை நிறைவேறவில்லை. வந்து பார்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதை அவர்கள் சரியாகவே அறிந்திருக்கிறார்கள். அறிவிப்பும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, இவ்வூர்த் தரகர்கள் ஒரு மாத வாடகையைக் கேட்கும் இடத்தில் இவர்கள் அரை மாத வாடகையை என்னிடம் மட்டும் வாங்கினார்கள். வருபவரிடம் எதுவும் வாங்குவதில்லை. ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் ஆன செலவுக்குத் தனியே ரசீது கொடுத்தார்கள். காலத்தை நீட்டிக்க வேண்டுமானால் மீண்டும் உரிமையாளரின் கடிதம் வாங்கித் தர ஒரு சிறு தொகை உண்டு. அதையும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

உரிமையாளர் உள்ளூரில் இருந்து, வருபவர் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவராகவும் இருந்தால், இந்தச் சேவை இல்லாமலே ஒரு வழக்கறிஞரைக் கொண்டு கடிதமும் ஒப்பந்தமும் எழுதிக்கொள்ளலாம். உரிமையாளர் கடல் கடந்து இருப்பவர்களுக்கும், வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டோருக்குப் பங்கு இருப்பவர்களுக்கும் இவர்களையே பரிந்துரைப்பேன். செல்பவர்கள் மூல வாடகை ஒப்பந்தத்தையும், கடைசி மூன்று மாத வாடகை கட்டிய சான்றையும், உரிமையாளர்கள் அனைவரின் மின்னஞ்சல் முகவரிகளையும் கையோடு கொண்டு செல்ல வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அம்மையார் மறுநாள் வரச் சொல்லிவிடுவார். சாவியை ஒப்படைக்கும் நாளில் மின்அளவியின் எண்ணை நீங்களே படம் எடுத்து, ஒப்பந்தத்தின் ஓரத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, முகூர்த்த நாள்களில் மதியத்துக்கு மேல்தான் திறக்கிறார்கள்.